ஹில்மியின் தோட்டத்தில் எதுவும் இல்லை

ஹில்மியின் அத்தித் தோட்டத்தில் அறுபது அடி உயரத்துக்கு ஒரு வெள்ளை ராக்கெட் நின்றுகொண்டிருந்தது. துருக்கி நாட்டின் தாஷ்பெலென் ஊரில் அதைப் பார்க்காத ஆள் கிடையாது. மசூதியின் கோபுரத்தைவிட உயரம். தேநீர்க் கடை வாசலில் உட்கார்ந்தால் தெரியும். இஸ்மிர் சாலையில் பஸ்ஸில் போனால் தெரியும். இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, மனைவியையே குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொண்டிருந்த தொழுகை அழைப்பாளருக்குக்கூடத் தெரிந்தது. அது தெரியாதவர்கள் அரசாங்கத்தார் மட்டும்தான். அவர்களைக் கேட்டால் அங்கே எதுவும் இல்லை.

நாற்பத்திரண்டு மரங்கள். கல்யாணமான வருஷம் ஹில்மியும் அவர் மனைவி நஸ்மியேயும் சேர்ந்து நட்டவை. பிள்ளை பிறக்கவில்லை, மரங்கள் பிழைத்துக்கொண்டன. மேற்குச் சரிவு, கடற்காற்று, பழம் காய ஏற்ற வெயில் என்று அந்த வட்டாரத்திலேயே நல்ல தோட்டம். 1961 மார்ச்சில் ராணுவத்தார் ஜீப்பில் வந்து இறங்கி அந்தச் சரிவைப் பார்த்ததும், அவர்களுக்கும் அது நல்ல தோட்டம் என்று பட்டுவிட்டது.

வந்தவர் பெயர் கேப்டன் ஃபெரித். பளபளக்கும் பூட்ஸ். மண்வெட்டியும் கையுமாக நின்ற ஹில்மியிடம் ஒரு தாளை நீட்டினார்.

"ஐயா, இது என் தோட்டம்ங்க" என்றார் ஹில்மி.

"எது?"

"நீங்க நிக்கிற இடம்."

கேப்டன் குனிந்து தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டார். "இது பொது நன்மைக்கான தற்காலிகப் பகுதி. தாள்ல எழுதியிருக்கு பாருங்க."

"எத்தனை நாளைக்குங்க?"

"தற்காலிகம்னா தற்காலிகம். நாள் கணக்கு சொல்லிட்டா அப்புறம் அது தற்காலிகமா இருக்காது."

பதினொரு மரங்களை வெட்டினார்கள். அந்த இடத்தில் சிமென்டைக் கொட்டித் தளம் போட்டார்கள். மீதி முப்பத்தொன்றையும் உள்ளே விட்டு, சுற்றி இரட்டை முள்கம்பி வேலி இழுத்தார்கள். பிறகு அமெரிக்க மேஜர் ஒருவர் வந்தார், பெயர் வில்கின்ஸ். அவருக்குப் பின்னால் நீண்ட நீண்ட லாரிகள் வந்தன. ஒரு நாள் காலையில் ஊர் கண்விழித்தபோது வெள்ளையாக அது நின்றது. ஊரார் அதற்கு 'விருந்தாளி' என்று பெயர் வைத்தார்கள். கூப்பிடாமல் வந்தாலும் விருந்தாளி விருந்தாளிதானே.

ஹில்மி வேலியோரம் போய்க் கேட்டார். "அது என்னங்க ஐயா?"

"எது?" என்றார் கேப்டன்.

"அதோ அது."

கேப்டன் ஹில்மியின் விரல் போன திசையில் வானம் முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்தார். ராக்கெட் இருந்த இடத்தை மட்டும் அவர் கண் தாண்டிப் போயிற்று. பழகிய கண். "நல்ல வானிலை" என்றார்.

*

இதெல்லாம்கூட ஹில்மிக்குப் பெரிதாகப் படவில்லை. வெட்டினது பதினொன்று, போகட்டும், நாடு கேட்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டார். ஜூன் வந்தபோதுதான் தூக்கம் போயிற்று.

அத்திக்கு ஜூன் மாதத்தில் ஒரு வாரம் உண்டு. ஆண் மரத்துக் காய்களை நாரில் கோத்து, மாலை மாலையாகப் பெண் மரங்களின் கிளைகளில் தொங்கவிட வேண்டும். ஆண் காய்க்குள் இருந்து கொசுவைவிடச் சின்னதாக ஒரு குளவி வெளியே வந்து பெண் காய்க்குள் புகும். புகுந்தால் காய் நிற்கும், பழுக்கும். புகாவிட்டால் பிஞ்சிலேயே உதிர்ந்துவிடும். அந்த வாரம் தவறினால் அந்த வருஷம் தவறியது.

"ஒரே ஒரு நாள் உள்ள விடுங்க ஐயா" என்று கெஞ்சினார் ஹில்மி. "மாலையைக் கட்டிட்டு வந்துடறேன்."

"யார் யார் உள்ள போறீங்க?"

"நானும் என் வீட்டுக்காரியும். அப்புறம் குளவிங்க."

"எத்தனை குளவி?"

"ஒரு காய்க்கு முன்னூறு நானூறு இருக்கும்."

கேப்டன் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அவருடைய அதிகாரத்தில் நான்கு பேரைத்தான் உள்ளே விடலாம். நானூறு என்றால் அது ஒரு படைப்பிரிவு. விண்ணப்பம் தலைநகர் அங்காராவுக்குப் போயிற்று. அங்காராவிலிருந்து மேற்குக் கூட்டணியின் தலைமையகத்துக்குப் போயிற்று. தலைமையகம் விஷயத்தை ஆராய ஒரு குழுவை அனுப்பியது.

குழு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கூடியது. மேஜர் வில்கின்ஸ் தலைமை. ஏதென்ஸிலிருந்து ஒரு கிரேக்கக் கர்னல் வந்திருந்தார். இன்னும் இரண்டு நாட்டுக்காரர்கள் இருந்தார்கள், அவர்கள் கடைசி வரை தேநீர் மட்டும் குடித்தார்கள். மொழிபெயர்ப்பாளர் ஒருவர் நடுவில் நின்று வியர்த்துக்கொண்டிருந்தார்.

மேஜர் எழுந்து பேசினார். "நண்பர்களே, நம் கூட்டணி எளிய மனிதனின் சுதந்திரத்துக்காகவே ஏற்பட்டது. அந்த எளிய மனிதன் இதோ நம் முன்னே நிற்கிறார். இவர் கைகளைப் பாருங்கள். இந்தக் கைகளுக்காகத்தான் நாம் உலகத்தையே பத்து முறை எரித்துவிடும் வல்லமையைச் சேர்த்து வைத்திருக்கிறோம். ஆகவே இவரை எக்காரணம் கொண்டும் உள்ளே விடக்கூடாது."

எல்லோரும் கைதட்டினார்கள். மொழிபெயர்ப்பு முடிவதற்குள் ஹில்மியும் கைதட்டிவிட்டார்.

பிறகு குளவியைப் பற்றிய விவாதம். எந்த ஊர்க் குளவி என்று கேட்டார்கள். தன் மைத்துனன் ஊரில் ஆண் மரம் இருக்கிறது, அங்கிருந்து என்றார் ஹில்மி. கிரேக்கக் கர்னல் கையை உயர்த்தினார்.

"இந்தக் குளவிகள் சாமோஸ் தீவிலிருந்து காற்றில் வருபவை. சாமோஸ் எங்கள் தீவு. ஆகவே இவை கிரேக்கக் குளவிகள். இவற்றைத் துருக்கியர் பயன்படுத்துவதற்கு எங்கள் அரசின் ஒப்புதல் வேண்டும்."

கேப்டன் ஃபெரித் துள்ளி எழுந்தார். "எங்க மண்ணுல பிறந்த குளவிக்கு எவன்கிட்ட ஒப்புதல் கேக்கணும்?"

இரண்டு பேரும் ஒரே கூட்டணி. கிழக்குக் கூட்டணிக்காரன் வந்தால் தோளோடு தோள் நின்று சாவதாகக் கையெழுத்துப் போட்டவர்கள். அன்று மதியம் வரை ஒருவரை ஒருவர் கொல்லாமல் இருந்ததே பெரிய காரியம். சண்டையை நிறுத்தலாம் என்று ஹில்மி தன் பையிலிருந்து ஓர் ஆண் காயை எடுத்து மேசையில் வைத்துப் பிளந்து காட்டினார். "இதுதாங்க அது, பாவம், கடிக்காது." உள்ளேயிருந்து கருப்பாக நான்கைந்து ஊர்ந்து வந்தன. ஒன்று பறந்து, மேஜருடைய வரைபடத்தில், அவர் யாரிடமும் காட்டக் கூடாத இடத்தில் உட்கார்ந்தது.

கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. பூச்சி கைப்பற்றப்பட்டு உறையில் போடப்பட்டது.

ஜூன் போயிற்று. வேலிக்கு வெளியே நின்று பார்த்த ஹில்மியின் கண்ணெதிரே முப்பத்தொரு மரத்துப் பிஞ்சும் உதிர்ந்தது. காவலுக்கு நின்ற சிப்பாய்கள் அவற்றைப் பூட்ஸால் மிதித்து நடந்தார்கள். அனுமதி செப்டம்பரில் வந்தது. நானூறு குளவிகள், ஒவ்வொன்றாக, இரண்டு காவலர் துணையுடன், பகல் வேளையில் உள்ளே செல்லலாம்.

தாளை வாங்கிப் பார்த்த நஸ்மியேக்குச் சிரிப்பு வரவில்லை. "ஒரு நாள் உசுரோட இருக்கிற பூச்சிக்கு மூணு மாசம் கழிச்சு அனுமதி குடுத்திருக்கானுங்க. இவனுங்க போய்ச் சண்டை போடுவானுங்களாம். எதிரி வந்து செயிச்சுட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கி எந்திரிச்சப்புறம் துப்பாக்கிக்கு அனுமதி வரும்."

"மெதுவாப் பேசு" என்றார் ஹில்மி.

"ஏன்? அங்கதான் யாருமே இல்லையே."

*

அடுத்த ஜூனும் அப்படியே போயிற்று. அந்த வருஷம் அக்டோபரில் உலகம் முடிந்துவிடும் போலிருந்தது.

கிழக்குக் கூட்டணிக்காரர்கள் கியூபா என்ற தீவில் தங்கள் ராக்கெட்டுகளைக் கொண்டுபோய் வைத்துவிட்டார்களாம். அமெரிக்காவுக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. அடுத்தவன் வீட்டு வாசலில் ராக்கெட்டை வைப்பது என்ன நாகரிகம் என்று கேட்டார்கள். தாஷ்பெலென் தேநீர்க் கடையில் இந்தச் செய்தியைக் கேட்டவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஜன்னல் வழியாக விருந்தாளியைப் பார்த்தார்கள்.

கடைக்காரர் வானொலியின் குமிழைத் திருகிக்கொண்டே போனபோது கிழக்குத் தரப்பின் துருக்கி மொழி ஒலிபரப்பு பிடித்துக்கொண்டது. அதைக் கேட்கக்கூடாது. கடைக்காரர் அவசரமாகத் திருப்பப் போனார். அதற்குள் ஒரு பெண் குரல், சுத்தமான இஸ்தான்புல் உச்சரிப்பில் சொன்னது: "தாஷ்பெலென் ஊரில், ஒஸ்மான் மகன் ஹில்மிக்குச் சொந்தமான, நாற்பத்திரண்டு மரங்கள் கொண்ட அத்தித் தோட்டத்தில் மேற்குக் கூட்டணி ஓர் ஏவுகணையை நிறுத்தியிருக்கிறது. போர் என்று வந்தால் எங்கள் முதல் அடி அங்கேதான் விழும்."

கடையில் பகடை உருளும் சத்தம் நின்றது. எல்லோரும் ஹில்மியைப் பார்த்தார்கள், ஏதோ அவர்தான் கடிதம் போட்டு ராக்கெட்டை வரவழைத்ததுபோல. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

ஹில்மிக்கோ கண்ணில் நீர் வந்துவிட்டது. பயத்தில் அல்ல. "ஒஸ்மான் மகன் ஹில்மிக்குச் சொந்தமான தோட்டம்." ஒன்றரை வருஷமாக எந்த அலுவலகத்திலும் எந்த அதிகாரியும் சொல்லாத வார்த்தை. கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, அடுத்த பஸ் பிடித்து, நகரத்தில் இருந்த வட்டார ஆட்சியர் அலுவலகத்துக்கு நேரே போனார்.

"ஐயா, என் தோட்டம் என்னுடையதுதான்னு வானொலியிலேயே சொல்லிட்டாங்க."

ஆட்சியர் முகம் மலர்ந்தது. "அப்படியா? எந்த வானொலி?"

ஹில்மி சொன்னார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

அன்று மாலைக்குள் அவர் கேப்டனுக்கும் மேஜருக்கும் முன்னால் ஒரு மர நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டார். நடுவே அதே மொழிபெயர்ப்பாளர்.

"உன் பெயர் எதிரிக்கு எப்படித் தெரிந்தது?" என்று கேட்டார் மேஜர்.

"பத்திரத்துல இருக்குதுங்க."

"எதிரி உன் பத்திரத்தைப் படித்திருக்கிறானா?"

"அவங்களாவது படிச்சாங்களேன்னு இருக்குங்க எனக்கு."

"நாற்பத்திரண்டு மரம் என்று எப்படிச் சொன்னான்?"

"அதுதாங்க தப்பு" என்று ஹில்மி முன்னால் சாய்ந்தார். "பதினொன்னை இவங்க வெட்டிட்டாங்க. இப்ப முப்பத்தொன்னுதான். அவங்க பழைய கணக்கையே சொல்றாங்க."

மேஜர் எழுதுவதை நிறுத்தி, மெதுவாக நிமிர்ந்தார். பிறகு குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். மொழிபெயர்ப்பாளர் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு ஹில்மியின் காதில் கிசுகிசுத்தார். "அண்ணே, எதிரியோட உளவுத் தகவலைத் திருத்திக் குடுத்ததா எழுதறாரு."

ஐந்து நாள் உள்ளே வைத்திருந்தார்கள். அந்த ஐந்து நாளும் உலகத்தில் இருந்த எல்லா நாடுகளின் தலைவர்களும் தூங்கவில்லையாம். ஹில்மியும் தூங்கவில்லை. ஊரின் மேல் குண்டு விழுந்தால் நஸ்மியே தனியாக என்ன செய்வாள் என்ற நினைவு அவரை விடவில்லை.

ஊரில் ஆட்சியர் மக்களைக் கூட்டி தைரியம் சொன்னார். நஸ்மியே முன்வரிசையில் நின்று கேட்டாள்.

"பொதுமக்களே, பயப்பட ஒன்றும் இல்லை. இந்த ஊரில் எதிரி தாக்குவதற்கு எந்தப் பொருளும் கிடையாது. ஆகவே தாக்குதல் நடக்கும்போது யாரும் பதற வேண்டாம். சங்கு ஊதும். ஊதியதும் வரிசையாக மசூதியின் நிலவறைக்குச் செல்லுங்கள்."

"மசூதிக்கு நிலவறை இல்லைங்களே" என்றது ஒரு குரல்.

ஆட்சியர் கையிலிருந்த தாளைத் திருப்பிப் பார்த்தார். "விதிமுறையில் இருக்கிறது."

"எவ்வளவு நேரம் இருக்கும்ங்க, சங்கு ஊதினதுக்கும் குண்டு விழறதுக்கும்?" என்று கேட்டாள் நஸ்மியே.

"நான்கு நிமிடம். அதற்குள் எல்லோரும் அடையாள அட்டையை எடுத்துக்கொள்ள வேண்டும். அட்டை இல்லாமல் இறப்பவர்களைப் பதிவு செய்வதில் நடைமுறைச் சிக்கல் உண்டு."

*

ஆனால் குண்டு விழவில்லை. பெரியவர்கள் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். கியூபாவில் இருந்தவை கப்பலேறின. ஹில்மியையும் விட்டுவிட்டார்கள். அடுத்த ஏப்ரலில் மறுபடியும் நீண்ட லாரிகள் வந்தன. விருந்தாளியைப் படுக்க வைத்து, துணி போர்த்தி, தூக்கிக்கொண்டு போனார்கள். ஊரே சாலையில் நின்று பார்த்தது. மேஜரும் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினார்.

மறுநாளே ஹில்மி குளித்து, சவரம் செய்துகொண்டு, கேப்டன் முன்னால் போய் நின்றார். "ஐயா, அது போயிடுச்சு. தோட்டத்தை விடுங்க."

"எது போயிடுச்சு?"

"நேத்து லாரியில போச்சே."

"ஹில்மி, நீங்க விவரமான ஆளு. யோசிச்சுப் பாருங்க. எதுவும் போகலை. ஏன்னா எதுவும் வரலை. வரலைன்னா தோட்டத்தை நாங்க எடுக்கலை. எடுக்காத ஒண்ணை நான் எப்படித் திருப்பிக் குடுக்கிறது? திருப்பிக் குடுத்தேன்னு கையெழுத்துப் போட்டா, எடுத்தோம்னு ஆயிடும். எடுத்தோம்னா எதுக்குன்னு கேப்பாங்க."

"அப்ப வேலியையாவது எடுங்க."

"வேலிக்கு உள்ள ஒண்ணுமில்லாதப்ப வேலியை ஏன் எடுக்கணும்?"

ஹில்மி திரும்பி நடந்தார். வீட்டுக்கு வந்து ரொட்டியும் ஆலிவும் வைத்த தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். "ராக்கெட்டு இருந்தப்பவாவது ஒரு காரணம் இருந்துச்சு நஸ்மியே" என்றார். "இப்ப அதுவும் இல்ல."

அவள் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். "சாப்பிடு. இன்னும் ஜூன் வரலை."

ஜூன் முதல் வாரத்தில் கேப்டன் ஃபெரித் தானே அவர்கள் வீட்டுக்கு வந்தார். தொப்பியைக் கையில் வைத்திருந்தார். தேநீர் கொடுத்ததும் குடித்தார். ஏதோ வேண்டியிருக்கிறது என்று நஸ்மியேக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

விஷயம் இதுதான். எதிர்த்தரப்பு மேலேயிருந்து படம் எடுக்கிறது. எடுத்துப் பார்க்கையில் அங்கே ஒரு சாதாரண அத்தித் தோட்டம் தெரிய வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. சாதாரணத் தோட்டம் என்றால் அதில் சாதாரண விவசாயி ஒருவர் வேலை செய்துகொண்டிருக்க வேண்டும்.

"அதாவது, என் தோட்டத்துல நான் வேலை செய்யணும்?" என்றார் ஹில்மி.

"வேலை செய்யற மாதிரி இருக்கணும். காலையில பத்திலேர்ந்து பன்னிரண்டு வரைக்கும். அது உங்க தோட்டம்னு நான் சொல்லலை, அதையும் கவனிங்க."

ஹில்மி வேறெதுவும் கேட்கவில்லை. அன்றே மைத்துனன் ஊருக்கு ஓடி, இரண்டு கழுதைச் சுமை ஆண் காய் கொண்டுவந்தார். நஸ்மியே இருட்டும் வரை உட்கார்ந்து கோத்தாள்.

மறுநாள் வாயிலில் ஒத்திகை. அதற்கென்று அங்காராவிலிருந்து ஒரு நிபுணர் வந்திருந்தார். ஹில்மியை இங்கும் அங்கும் நடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"நடையில் விவசாயி தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் மண்ணோடு உறவாட வேண்டும். எங்கே, நெற்றியைத் துடையுங்கள். இப்படி அல்ல. புறங்கையால். அவருக்கு ஒரு வைக்கோல் தொப்பி கொடுங்கள்."

"எங்க பக்கம் வைக்கோல் தொப்பி போட மாட்டோம்ங்க."

"மேலேயிருந்து பார்ப்பவனுக்கு அது தெரியுமா?"

தொப்பியைப் போட்டுக்கொண்டு ஹில்மி உள்ளே போனார். இரண்டு வருஷம் மூன்று மாதத்துக்குப் பிறகு. முதல் மரத்தைத் தொட்டபோது யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, பட்டையில் நெற்றியை வைத்துக்கொண்டார். பிறகு ஓட ஆரம்பித்தார். மாலையை எடு, கிளையில் வீசு, அடுத்த மரம். இரண்டு மணி நேரத்தில் பதினெட்டு மரம். மறுநாள் பதின்மூன்று. நடிக்க நேரமில்லை. நெற்றியைத் துடைக்கக்கூட நேரமில்லை.

மூன்றாம் நாள் கிழக்குத் தரப்பு வானொலி சிரித்தது. "தாஷ்பெலெனில் மேற்குக் கூட்டணி ஒரு நாடகம் நடத்துகிறது. பொருந்தாத தொப்பி அணிந்த ஒரு சிப்பாய், விவசாயிபோல் நடித்து, மரத்துக்கு மரம் வெறிபிடித்தவனாக ஓடுகிறான். உலகத்தில் எந்த விவசாயி அப்படி ஓடுவான்?"

அன்றே ஹில்மியின் அனுமதிச் சீட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். நிபுணர் அறிக்கை எழுதினார்: மேற்படி நபரிடம் விவசாயிக்குரிய இயல்புத்தன்மை போதவில்லை. பயிற்சி பெற்ற ஒருவரை நியமிக்கலாம்.

*

நியமிக்கப்பட்டவர் சார்ஜென்ட் ஜெவ்தெத். ஓய்வுக்கு எட்டு மாதம் பாக்கி, தொந்தி, இடுப்புவலி. பிறந்தது வளர்ந்தது எல்லாம் இஸ்தான்புல்லில், ஒரு டிராம் நிறுத்தத்துக்கு எதிர் வீடு. அத்தியைத் தட்டில்தான் பார்த்திருக்கிறார். விவசாயி உடையில் தினமும் இரண்டு மணி நேரம் மரங்களுக்கு நடுவே கண்ணியமாக உலாவுவார். வானொலி அவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே அவர் நல்ல விவசாயி.

ஆகஸ்ட் வந்தது. குளவிகள் தங்கள் வேலையைச் செய்திருந்தன. மரம் முழுக்கப் பழம். அப்போது கேப்டன் ஃபெரித்துக்கு இடமாற்றம் ஆயிற்று. புதுக் கேப்டன் வருவதற்குள் அறுவடையும் நடப்பதாகக் காட்ட வேண்டும் என்று சார்ஜென்டுக்கு உத்தரவு. ஜெவ்தெத் ஏணி போட்டு ஏறி, மரத்திலிருந்து காயைத் திருகிப் பறித்தார். அத்திப் பால் கையெல்லாம் வழிந்தது. மறுநாள் இரண்டு கையும் கொப்புளம் கொப்புளமாக வீங்கிப்போய், வேலியோரம் வந்து நின்றார். வெளியே ஹில்மி வழக்கம்போல் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, இந்தச் சனியனை எப்படிப் பறிக்கிறது?"

"பறிக்கக் கூடாதுங்க. அதுவா சுருங்கி, அதுவா கீழ விழும். விழுந்ததைப் பொறுக்கி, நாணல் பாயில காய வைக்கணும். குனிஞ்சு குனிஞ்சு பொறுக்கணும்."

"குனியறதா? என்னாலயா?" சார்ஜென்ட் இடுப்பில் கைவைத்துக்கொண்டு முப்பத்தொரு மரத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அண்ணே, ஒண்ணு சொல்லட்டா? காவலுக்கு நிக்கிற பசங்க எல்லாம் போன வாரம் வந்த புதுசு. நான் சொல்றதுதான் அவங்களுக்குச் சட்டம். புதுக் கேப்டனும் என் மூஞ்சியைப் பார்த்ததில்ல. இந்தச் சட்டையை நீங்க மாட்டிக்கிட்டா நீங்கதான் சார்ஜென்ட் ஜெவ்தெத்."

"அப்ப நான் யாராகணும்? சிப்பாயா, விவசாயியா?"

"விவசாயி மாதிரி நடிக்கிற சிப்பாய் மாதிரி நடிக்கணும். ரொம்ப யோசிக்காதீங்க அண்ணே. நான் உங்க வீட்டுல போய்ப் படுத்துக்கறேன்."

அப்படித்தான் ஹில்மி ராணுவத்தில் சேர்ந்தார். காலையில் வாயிலில் நின்று விறைப்பாகச் சல்யூட் அடிப்பார். "சார்ஜென்ட் ஜெவ்தெத்!" என்று கத்துவார். உள்ளே போவார். சிமென்ட் தளத்தின் மேல் நாணல் பாய்களை விரித்தார். பழங்களைப் பொறுக்கி வரிசையாகப் பரப்பினார். இரண்டு மணி நேரம் என்பது நாள் முழுவதும் ஆயிற்று, யாரும் கேட்கவில்லை. வீட்டில் உண்மையான சார்ஜென்ட் திவான் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, மனைவி விட்டுப் போன கதையை நஸ்மியேயிடம் சொன்னார். அவள் அவர் கைக்கு ஆலிவ் எண்ணெய் தடவிவிட்டாள். "இன்னும் நாலு நாள் பொறுத்துக்கோ தம்பி" என்றாள், "எங்க வீட்டுக்காரரு உன் வேலையை முடிச்சுட்டு வந்துடுவாரு."

நான்காம் நாள் புதுக் கேப்டன் ஆய்வுக்கு வந்தார். சின்ன வயது, சுறுசுறுப்பு. கையில் தடிமனான ஒரு கோப்பு. ஹில்மி குனிந்து பழம் பொறுக்கிக்கொண்டிருந்தார். தலையில் துண்டு, முழங்கால் வரை மண். கேப்டன் சத்தமில்லாமல் நின்று நிமிஷக்கணக்கில் பார்த்தார். ஹில்மி நிமிர்ந்தவர் பதறிப்போய்ச் சல்யூட் அடித்தார்.

"இருக்கட்டும், இருக்கட்டும்" என்றார் கேப்டன். அவர் குரலில் உண்மையான வியப்பு. "அசந்துட்டேன் சார்ஜென்ட். இதுதான் பயிற்சிங்கறது. இதுக்கு முன்னாடி இங்க யாரோ ஒரு உள்ளூர் ஆளைப் போட்டிருந்தாங்களாம். கோப்புல படிச்சேன். விவசாயி மாதிரியே இல்லைன்னு எழுதியிருக்கு."

"அப்படிங்களா ஐயா."

"ஆமா. ஹில்மின்னு பேரு. இந்த இடம் தன்னோடதுன்னு சொல்லிக்கிட்டு வேலியோரமே சுத்திக்கிட்டு இருப்பானாம். கொஞ்சம் புத்தி சரியில்லாதவன் போல. எதிரி வானொலியோட தொடர்பு வேற." கேப்டன் குனிந்து பாயிலிருந்து ஒரு பழத்தை எடுத்துக் கடித்தார். மென்றார். இன்னொன்றை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "அந்த ஆளு இந்தப் பக்கம் வந்தா விரட்டி அடிச்சுடு. உள்ள மட்டும் விட்டுடாதே."

மேற்கிலிருந்து காற்று வந்தது. பின்னாலிருந்த மரத்தில் நான்கைந்து பழங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மண்ணில் விழும் சத்தம் கேட்டது. ஹில்மி குதிகாலைச் சேர்த்து நின்றார்.

"உத்தரவு ஐயா" என்றார். "கண்ணுல பட்டா விடமாட்டேன்."